தானே பேசியது

ஐந்தே முக்காலுக்கு எழுவேன். வாசல் கொக்கியில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக் கழுவி, வெட்டி, அடுப்பில் வைப்பேன். பால் பொங்குவதற்குள் பல் துலக்கிவிடுவேன். காபி கலப்பேன். ஆறு மணிக்கு உள்ளறையில் வசுமதி பேசத் தொடங்குவாள்.

"வணக்கங்க, சொல்லுங்க. எந்த ஊர்ல இருந்து பேசறீங்க?"

ஆறு மணிக்குத் தோட்டங்களுக்கு மும்முனை மின்சாரம் வரும். வந்த ஐந்தாவது நிமிடம் எங்காவது ஒரு மோட்டார் ஓடாது. காங்கயத்தில், பல்லடத்தில், தாராபுரத்தில் யாராவது ஒருவர் கம்பெனிக்குப் போன் செய்வார். வசுமதி ஊரைக் கேட்பாள். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கச் சொல்வாள். ரிலேயின் சிவப்பு பட்டனை அழுத்தச் சொல்வாள். நான் காபியைக் குடித்து முடிப்பதற்குள் நான்கு மோட்டார்கள் ஓடத் தொடங்கியிருக்கும். பிறகு குளிப்பேன்.

என் மனைவி வசுமதி இறந்து எட்டு மாதம் ஆகிறது.

உள்ளறை ஆறடிக்கு ஐந்தடி. சுவரில் பஞ்சு அட்டை ஒட்டியிருக்கும். ஒரு மேசை, ஒரு ஒலிவாங்கி, ஒரு ஸ்பீக்கர். எங்கள் குடியிருப்பில் நாற்பத்தெட்டு வீடுகள். எல்லாவற்றிலும் இப்படி ஓர் அறை உண்டு. பம்பு கம்பெனி தன் உதவி எண்ணில் பேசுகிறவர்களுக்காகக் கட்டியது. ஆள் வீட்டிலிருந்தே பேசலாம். உண்மையில் ஆள் பேசுவது குறைவு. ஐந்து அழைப்பில் நான்கை மறுகுரல் எடுத்துக்கொள்ளும்.

மறுகுரல் என்பது அவள் குரலிலும் அவள் பேச்சுமுறையிலும் பழக்கப்பட்ட ஒரு நிரல். அவள் டிப்ளமோ படித்தவள். மோட்டாரைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அதற்கும் தெரியும். அவள் வேலை, அது பேசியதைக் கேட்டுத் திருத்துவது. தவறு வந்தால் மேசையில் ஒரு பொத்தானை அழுத்தி, வாயாலேயே சொல்வாள். "மொதல்லயே கெப்பாசிட்டர்னு சொல்லாத. கரண்ட் வருதான்னு கேளு." அன்று சொன்ன திருத்தமெல்லாம் மறுநாள் காலை ஆறு மணிக்குள் மறுகுரலில் ஏறிவிடும். நான் பக்கத்து அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே இதைக் கேட்பேன். யாரோ ஒரு தங்கையைத் திட்டுவதுபோல் இருக்கும்.

ஒரு சிக்கல் இருந்தது. வேலை நேரத்தில் வீட்டு அழைப்பையும் மறுகுரல்தான் எடுக்கும். பேசுவது மனைவியா, மறுகுரலா என்று தெரியாது. மேல்வீட்டு சதாசிவம் ஒருமுறை, "எங்கம்மா ஒரு மாசம் வந்து இருக்கட்டுமா?" என்று போனில் மனைவியிடம் கேட்டார். "தாராளமா வரட்டுங்க" என்று பதில் வந்தது. அம்மா வந்துவிட்டார். அவர் மனைவி பத்து நாள் அவரோடு பேசவில்லை. மறுகுரல் மட்டும் பேசியது.

அதற்குப் பிறகு எங்கள் குடியிருப்பில் ஒரு வழக்கம் வந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருமுன் போன்களை வெளியே வைத்து, உள்ளறைக் கதவையும் சாத்திவிடுவோம். மாதத்தின் முதல் நாள் அந்தச் சாப்பாட்டின்போது கணவனும் மனைவியும் ஓர் அடையாளச் சொல் வைத்துக்கொள்வோம். போனில் சந்தேகம் வந்தால் கேட்க வேண்டும். சொன்னால் ஆள். சொல்லாவிட்டால் மறுகுரல். இரண்டு மூன்று வாரத்தில் மறுகுரல் அதையும் கற்றுக்கொள்ளும் என்பதால் மாதாமாதம் மாற்ற வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு போனில் "பீர்க்கங்காய்" என்று கத்துகிறவர் எங்கள் குடியிருப்புக்காரர் என்று ஊருக்கே தெரியும்.

நான் ஃபவுண்டரியில் வேலை பார்க்கிறேன். வார்ப்புகளின் எக்ஸ்ரே படத்தில், வெளியே தெரியாத விரிசலைத் தேடுவது என் வேலை. அன்று அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். பணியாளர் பிரிவு அதிகாரி பிலோமினா மேடம் மூன்று கடிதம் அனுப்பியிருந்தார். நான்காவதாகத் தானே போனில் கூப்பிட்டார்.

"உட்காருங்க தரணி. டீ சொல்லட்டுமா?"

"வேண்டாங்க மேடம்."

"எனக்கு வேணும். தனியாக் குடிச்சா நல்லா இருக்காது. ரெண்டு சொல்றேன்." மணியை அடித்தார். "கடுதாசி மூணும் வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"பிரிச்சீங்களா?"

"இல்லீங்க."

"நெனச்சேன். நாளைக்குக் கடைசி நாளு. அதனால நானே வாயில சொல்லிர்றேன்." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஜூலையில உருவுரிமைச் சட்டம் வந்துச்சில்ல? பேப்பர்ல போட்டிருந்தானே."

"பேப்பர் நிறுத்திட்டேனுங்க."

"சரி. முன்னெல்லாம் எப்படின்னா, வேலைக்குச் சேரும்போது ஒரு கையெழுத்து. ஆள் போனாலும் குரல் கம்பெனிக்குத்தான். யாரும் கேக்க முடியாது. எங்க தெருவுல ஒரு பல் டாக்டர்கிட்ட, ரெண்டு வருசத்துக்கு முன்னால தவறிப்போன ரிசப்ஷன் அம்மாதான் இன்னும் டோக்கன் குடுத்திட்டு இருந்துச்சு. இனிமே அது ஆகாது. செத்தவங்க குரலை வெச்சு வேலை வாங்கணும்னா வாரிசு எழுதிக் குடுக்கணும். பெரிய கம்பெனி, பொட்டிக்கடை, எல்லாருக்கும் ஒரே சட்டம். வாரிசு குடுக்கலைன்னா அழிச்சரணும். மிச்சம் வெக்காம."

"நான் எழுதிக் குடுத்தா?"

"வசுமதியோட மறுகுரல் வேலையில தொடரும். நீங்களும் வீட்டுல தொடரலாம்."

"வீட்டுக்கும் இதுக்கும் என்னங்க?"

"அது சட்டத்துல அடுத்த பிரிவு." மேடம் கொஞ்சம் தயங்கினார். "மறுகுரல் வேலை செய்யற வரைக்கும் பணியாளர் பணியில இருக்கறதா அர்த்தம். பணியில இருக்கறவங்கதான் அந்த வீட்டுல குடியிருப்பவர். குடியிருப்பவரோட குடும்பம் கூட இருக்கலாம். அழிச்சிட்டா குடியிருப்பவர்னு யாரும் இல்ல. தொண்ணூறு நாள்ல காலி பண்ணணும்."

"அப்போ அந்த வீட்டுல இருக்கறது நான் இல்லீங்க."

"சட்டப்படி வசுமதி இருக்காங்க. நீங்க அவங்களோட இருக்கீங்க."

டீ வந்தது. குடித்தேன்.

"அது நெசந்தானுங்க மேடம்" என்றேன்.

அவர் டீ டம்ளரைத் தள்ளி வைத்தார். "எனக்கும் ஒண்ணு பண்ணி வெச்சிருக்காங்க. மீட்டிங்குக்குப் போயிட்டு வருது. என்னைவிட மரியாதையாப் பேசுதாம். வீட்டுக்காரர் சொல்றார், சாயங்காலம் நீ ஆபீஸ்ல இரு, அதை வீட்டுக்கு அனுப்புன்னு." அவரே சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பிறகு மேசைக்கு அடியிலிருந்து இரண்டு கட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று மஞ்சள் தாள், தலையணை உயரம். மற்றொன்று வெள்ளை, அதில் பாதிகூட இல்லை.

"சம்மதம் கேக்கறதுக்கு முன்னால இதை வாரிசு கையில குடுத்தே ஆகணும். வெள்ளை, அவங்க தானே பேசியது. மஞ்சள், மறுகுரல் உங்க வீட்டுப் போனுல பேசியது. விவசாயிக பேசுனது ரெண்டுலயும் இருக்காது. அது அவங்க சொந்த விசயம். எதைத் திருத்துனாங்கன்னு ஒரு வரிக் குறிப்பு மட்டும் இருக்கும்."

"எதுக்குங்க இது?"

"எதுக்கு சம்மதிக்கறோம்னு தெரிஞ்சு சம்மதிக்கணுமாம்." மஞ்சள் கட்டின் நடுவே ஒரு சீட்டு செருகியிருந்தது. அதைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் பக்கத்தை மட்டும் இங்கயே பாத்துருங்க தரணி. வீட்டுல தனியா இருந்து பார்க்க வேண்டாம்."

பிரித்தேன்.

மார்ச் 12. முற்பகல் 11.40. கணவருக்கு அழைப்பு. இரண்டு நிமிடம் பதினாறு நொடி.

கீழே பேச்சு முழுவதும் அச்சாகியிருந்தது. நான் படிக்க வேண்டியதில்லை. மனப்பாடம்.

அன்று காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது வசுமதி தலை வலிக்கிறது என்றாள். விடுப்புப் போடு என்றேன். மாத்திரை போட்டிருக்கிறேன் என்றாள். பதினொன்று நாற்பதுக்கு அவள் எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்ததும், "என்ன சாமி, தலைவலி எப்படி இருக்கு?" என்றேன். "இப்போ பரவால்லீங்க மாமா. கொஞ்சம் படுத்துக்கறேன். நீங்க பதறாதீங்க, சாப்பிட்டுருங்க" என்றாள். வீட்டுக்கு வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். என்னால் உனக்கு எப்போதும் கஷ்டந்தான் என்று ஏதோ சொன்னேன். அதற்கு அவள் சொன்னாள்: "உங்களைக் கட்டிக்கிட்டதுல எனக்கு ஒரு குறையும் இல்லீங்க மாமா."

அவள் அப்படியெல்லாம் பேசுகிறவள் அல்ல. எனக்குக் கூச்சமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அடையாளச் சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தச் சந்தோஷம் போய்விடுமோ என்று ஒரு கணம் தோன்றியது நினைவிருக்கிறது. கேண்டீனுக்குப் போய் எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன்.

பன்னிரண்டு இருபதுக்குக் கம்பெனி ஆள் வீட்டுக் கதவைத் திறந்தபோது உள்ளறையில் மேசை மேல் சாய்ந்திருந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மாலை வரை உயிர் இருந்தது. பேசவில்லை. "ஒரு மணி நேரம் முன்னால வந்திருந்தாலும்..." என்று மருத்துவர் தொடங்கினார். முடிக்கவில்லை. அந்த வாக்கியம் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது.

அவள் கடைசியாகச் சொன்னது இது என்று பதினாறாம் நாள் காரியத்தில் எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் அழுதார்கள். எட்டு மாதமாகக் காலையில் எழுவதும் பால் காய்ச்சுவதும் அந்த ஒரு வரியின் மேல்தான்.

அது மஞ்சள் தாளில் இருந்தது.

"எனக்கு ஆகஸ்ட்லதான் தெரியும்" என்றார் மேடம். "பிரிச்சு அடுக்கும்போது. அதுக்கப்புறந்தான் கடுதாசி அனுப்புனேன். கடுதாசியில எழுத வரல."

கட்டுகளைப் பையில் போட்டுக் கொடுத்தார். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது ஒன்றரை மணி. உள்ளறையில் அவள் யாரிடமோ காற்று அடைப்பை எடுப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முடியும்வரை வாசலில் நின்றேன். பிறகு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். எட்டு மாதத்தில் நான் அந்த அறைக்குள் உட்கார்ந்ததில்லை.

"வசு."

"சொல்லுங்க மாமா. இன்னைக்கு வேலைக்குப் போகலீங்களா?"

புதுச் சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டாம், மேடம் அலுவலக வாசலில் சொன்னார். யார் பேசுவது என்று கேட்டால் மறுகுரல் மறைக்கக் கூடாது. கேட்க வேண்டும், அவ்வளவுதான். நான் இதுவரை கேட்கவில்லை.

"மார்ச் பன்னெண்டு. பதினொண்ணு நாப்பதுக்கு எனக்குப் போன் பண்ணுனது யாரு?"

அது கொஞ்சம் நிறுத்தியது. நிறுத்த வேண்டிய தேவை அதற்கு இல்லை. அவளிடமிருந்து கற்றது.

"அவங்க இல்லீங்க மாமா. நான்."

அவளை அது 'அவங்க' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"எதுக்குப் பண்ணுனே?"

"பதினொண்ணு பத்துல இருந்து அவங்க பதில் சொல்லல. அரை மணி நேரம் பதில் இல்லாட்டி கம்பெனிக்கு ஒரு தகவல், வீட்டுக்கு ஒரு போன். அதான் விதி. கம்பெனிக்குத் தகவல் அனுப்பிட்டு உங்களைக் கூப்பிட்டேன்."

"என்ன சொல்லணும்னு விதி?"

"பணியாளர் பதில் தரலைன்னு சொல்லணும்."

"அதைச் சொல்லலையே."

"எடுத்ததும் நீங்க தலைவலி எப்படி இருக்குன்னு கேட்டீங்க. குரல்ல பதட்டம் இருந்துச்சு. கூப்பிடறவங்க பதறுனா மொதல்ல அதை அடக்கணும், அப்புறந்தான் விசயம். அவங்க எனக்கு அப்படித்தான் பழக்குனாங்க. மோட்டார் எரிஞ்சு போச்சுன்னு அழுகறவங்க நெறயப் பேருங்க மாமா."

"அப்புறம் விசயத்தைச் சொன்னயா?"

"நீங்க போனை வெச்சிட்டீங்க."

நான் வைத்துவிட்டேன். அது உண்மை. கேண்டீனில் சாதம் தீர்ந்துவிடும் என்று.

"கட்டிக்கிட்டதுல குறையில்லைன்னயே. அது?"

"உங்களால கஷ்டம்னு நீங்க சொன்னீங்க. அதுக்குப் பொருத்தமான பதில் அதுதான்."

"அவ எப்பவாவது அப்படிச் சொல்லியிருக்காளா?"

"என்கிட்ட இருக்கற பேச்சுல இல்லீங்க." மறுபடி நிறுத்தியது. "ஆனா ராத்திரி சாப்பிடும்போது போனை வெளிய வெச்சு, இந்த அறையையும் சாத்திட்டுத்தான் உட்காருவீங்க. அங்க அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க மாமா."

நான் யோசித்துப் பார்த்தேன். சாப்பிடும்போது அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் நினைவில்லை. உப்பு பற்றி, மேல்வீட்டு அம்மா பற்றி, தண்ணீர் வராதது பற்றி.

"அம்மா கூப்பிடறாங்க" என்றது. "மணி ரெண்டு. எடுக்கட்டுங்களா?"

அத்தை உடுமலையில் தனியாக இருக்கிறார். தினமும் இரண்டு மணிக்குப் பெண்ணைக் கூப்பிடுவார். அவள் போன பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. அந்த நேரம் நான் ஃபவுண்டரியில் இருப்பேன் என்பதால் அவர்கள் பேசுவதை நான் கேட்டதில்லை. எடு என்றேன்.

"என்ற தங்கம், சாப்பிட்டயா?"

"நீங்க சாப்டீங்களாம்மா?"

"ஆச்சு. பக்கத்து வீட்டுக்காரி கொள்ளுப் பருப்பு குடுத்தா. உப்புமில்ல உரப்புமில்ல, ஆசுபத்திரி சாப்பாடாட்டம். மாப்ள நேரத்துக்கு சாப்பிடறாரா?"

"தெரியலீங்கம்மா. காலையில அடுப்புப் பத்தற சத்தம் கேக்குது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"அதுக்கு மேல உனக்கு எங்க தெரியும். சரி விடு, இன்னைக்கு எத்தனை மோட்டார் ஓட்டுனே?"

"அத்தை" என்றேன் நான்.

"மாப்ளைங்களா? ஏனுங்க, மேலு சரியில்லீங்களா? வேலைக்குப் போகலீங்களா?"

"நல்லா இருக்கேனுங்க. ஒரு விசயம் சொல்லணும்."  பிறகு ஒரே மூச்சில் சொன்னேன். "அன்னைக்கு அவ கடைசியா சொன்னான்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்ல, குறையில்லைன்னு. அது அவ சொல்லலைங்க அத்தை. இதுதான் சொல்லியிருக்கு."

"தெரியும் மாப்ள."

"தெரியுங்களா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா? எம்பட பொண்ணு வாயில குறையில்லைன்னு வருமா? குறை சொல்லாம அவளுக்கு ஒரு வாய் சோறு எறங்காது. சொர்க்கத்துல போய் உக்காந்துக்கிட்டும் காத்து வரல, சேர் ஆடுதுன்னுதான் சொல்லிட்டு இருப்பா. நீங்க சொன்னப்பவே நெனச்சேன். நீங்க அழுதிட்டு இருந்தீங்க. உட்டுட்டேன்."



"அப்புறம் எதுக்குங்க தெனமும் கூப்பிடறீங்க?" என்று கேட்டேன்.

"குரலு அவளுதுதான மாப்ள. அது அவ இல்லைன்னு எனக்குத் தெரியும். அதுக்கும் தெரியும். ரெண்டு பேரும் காட்டிக்கறதில்ல." மூக்கை உறிஞ்சினார். "எதுக்குக் கேக்கறீங்க? ஆபீஸ்ல வரச்சொல்லியிருந்தாங்களே, அதா?"

"ஆமாங்க. அவ நெசமாப் பேசுனதையெல்லாம் வெள்ளைத் தாள்ல ஒரு கட்டாக் குடுத்தாங்க. நாளைக்குக் கையெழுத்துப் போடணுமுங்க. இருக்கட்டுமா, அழிச்சரட்டுமான்னு."

"அழிக்கறதா?" குரல் உயர்ந்தது. "எம்பட பொண்ணை இன்னொருக்காத் தூக்கிப் போடச் சொல்றாங்களா? நீங்களும் போயிட்டு வந்திருக்கீங்க? அழிச்சிட்டா ரெண்டு மணிக்கு நான் யாரைக் கூப்பிடறது?"

"என்னையக் கூப்பிடுங்க."

"உங்களுக்குப் பேசவே வராதே மாப்ள. மூணு வருசத்துல எங்கிட்ட நீங்க பேசுனதை ஒரு துண்டுச் சீட்டுல எழுதிரலாம்."

"நீங்க பேசுங்க அத்தை. நான் கேக்கறேன்."

அவர் அழுதார். போனை வைக்கவில்லை. மறுகுரலும் இடையில் பேசவில்லை. அதன் பதில்களில் இதற்குப் பொருத்தமானது இருந்திருக்கும். சொல்லவில்லை.

கடைசியில் அத்தை கேட்டார். "அந்த வெள்ளைக் கட்டைப் பாத்தீங்களா? அவ நெசமாப் பேசுனதுன்னீங்களே."

"இன்னும் இல்லீங்க."

"அதைப் படிங்க மொதல்ல. படிச்சுப்போட்டு எதுல வேணும்னாலும் கையெழுத்துப் போடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அன்று மாலை முழுவதும் வெள்ளைத் தாள்களைப் படித்தேன். இரண்டரை வருடப் பேச்சு. பெரும்பாலும் திருத்தங்கள். 'ஊரைக் கேட்டதும் மழை பெஞ்சுதான்னு கேளு.' 'அவங்க பெரியவங்க, அவசரப்படுத்தாத.' 'நக்கல் பண்றாரு, அது உனக்குப் புரியல, சிரி.' நடுநடுவே எனக்கு வந்த அழைப்புகள். 'மாமா, கறிவேப்பிலை.' 'மாமா, மீட்டர் ரீடிங் எடுக்க ஆள் வந்திருக்கு, கம்ப்ளெயின்ட் நம்பர் எங்க வெச்சீங்க, எதையுமே வெச்ச எடத்துல வெக்கறதில்ல.' அத்தை சொன்னது சரி. நான்கு பக்கத்துக்கு ஒருமுறை என்னைப் பற்றிக் குறை இருந்தது. ஈரத் துண்டைக் கட்டில் மேல் போடுவது. கல்யாண வீடுகளில் யாரிடமும் பேசாமல் நிற்பது. ஒரு இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

"என்னங்க மாமா?" என்றது உள்ளறை.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

கடைசிப் பக்கத்தை மட்டும் படிக்காமல் வைத்தேன். காலையில் படித்தேன். ஐந்தே முக்காலுக்கு எழுந்து, பாலை அடுப்பில் வைத்துவிட்டு, நின்றபடி. மார்ச் 12, மூன்றே பதிவுகள். மூன்றாவதற்குக் கீழே சிறிய எழுத்தில், இந்தத் திருத்தம் மார்ச் 13 காலை சேர்க்கப்பட்டது என்று இருந்தது. அதைச் சொன்னவள் முந்தைய மாலையே போய்விட்டாள். பதினொன்று நாற்பதுக்கு என்னோடு பேசியபோது மறுகுரலுக்கு அது தெரியாது. நேற்று என்னிடமும் அத்தையிடமும் மறுகுரல் தெரியாது, தெரியாது என்று சொன்னது எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

பால் பொங்கி வழிந்துவிட்டது. அடுப்பைத் துடைத்தேன். ஆறு மணிக்கு அது பேசத் தொடங்கியது. குளித்துவிட்டு வந்து அறை வாசலில் நின்றேன்.

"நான் கையெழுத்துப் போடப் போறேன்" என்றேன். "வேண்டாம்னு."

"சரிங்க மாமா."

"உனக்கு எப்படி இருக்கு?"

"தெரியலீங்க" என்றது. பிறகு, "லைன்ல ஆள் வர்றாங்க, எடுக்கட்டுங்களா?" என்றது. எடு என்றேன். வெள்ளகோவிலில் யாருக்கோ மோட்டார் ஓடவில்லை. ஓடும் வரை நின்று கேட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பிலோமினா மேடம் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டு கட்டங்கள். நான் இரண்டாவதில் கையெழுத்திட்டேன்.

"வீடு போயிருமே தரணி. யோசிச்சீங்களா?"

"சதாசிவம் அண்ணன் ஒரு வீடு பாத்துச் சொல்றேன்னிருக்காரு."

"காலையில ஆறு மணிக்கு வசுமதியக் கேட்டுப் பழகுன ஜனங்க. என்ன சொல்லப் போறாங்களோ."

"செத்துப் போயிட்டான்னு சொல்லுங்க மேடம். எட்டு மாசமா அவங்களுக்கு யாரும் சொல்லலையே."

அவர் தலையாட்டினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "கடைசியா ஒரு வரி இருக்கு. காரணம். எழுதணும்னு கட்டாயம் இல்ல. சொந்தக் காரணம்னு போட்டாலும் போதும்."

பேனா என் கையில்தான் இருந்தது. பையிலிருந்து வெள்ளைக் கட்டின் கடைசித் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பார்த்து எழுதினேன். மார்ச் 12, மூன்றாவது பதிவு, முற்பகல் 11.09. ஆழ்துளைக் கிணறு தோண்டிப் புது மோட்டார் இறக்கி, தண்ணீரே வரவில்லை என்று அழுத ஒரு பெண்ணுக்கு மறுகுரல் ஆறுதல் சொல்லியிருந்தது. அதைக் கேட்டுவிட்டு, பொத்தானை அழுத்தி, வசுமதி தானே பேசியது:

"தண்ணி வந்துரும்னு சொல்லாத கண்ணு. அது நமக்குத் தெரியாது. பாவம், அவங்க நம்பிருவாங்க."